அழுத்து, கட் பண்ணு

அபுதாபி பக்கம் முசஃபாவில் இருந்த எங்கள் லேபர் கேம்பில் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர் ஒரே ஒருவர். என் அக்காவின் கணவர். வொர்க்‌ஷாப்பில் அவர் வெல்டிங் ஃபோர்மேன். அதே இடத்தில் நான் கம்ப்யூட்டரில் இரும்பு வேலைகளுக்கு டிராயிங் போடுகிறவன். விசா எடுத்து என்னைக் கூட்டி வந்தவரும் அவர்தான். டை கட்டிய பேங்க் ஏஜென்ட் ஒருவன் வாசலில் அவரை மடக்கி, கையெழுத்துப் போட்ட வெற்று செக் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்தக் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அத்தான் அதை ஒருமுறைகூடத் தேய்த்ததில்லை. பாஸ்போர்ட் நகலோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.

அதைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியவன் நான். அந்தக் கையை வெட்டிப் போட்டிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றும்.

எனக்கு அப்போது ஆன்லைனில் துப்பாக்கியால் சுட்டு விளையாடும் கேம் பைத்தியம். விளையாடுகிறவர்களே புதிய களங்களை உருவாக்கி ஒரு வெப்சைட்டில் போடலாம். மற்றவர்கள் அதை டவுன்லோட் செய்து விளையாடுவார்கள். உலகமே கோட்டை, பனிமலை என்று போட்டுக்கொண்டிருக்க, நான் எங்கள் கேம்பையே போட்டேன். டூட்டி முடிந்த நேரமெல்லாம் சேர்த்து நாலு மாத வேலை. அடுக்குக் கட்டில்கள், மெஸ்ஸின் நீள மேஜை, வாட்டர் கூலருக்கு முன்னால் சிதறிக் கிடக்கும் செருப்புகள், கொடியில் காயும் நீல கவரால் உடுப்புகள், ஒன்றையும் விடவில்லை. எல்லாம் முடித்து அந்த சைட்டில் பதியப் போனால், கார்டு நம்பர் கொடு என்றது.

"காசு ஏதும் போவுமால?" என்று அத்தான் கேட்டார்.

"போவாது அத்தான். ஆயிரம் டவுன்லோட் வரைக்கும் இனாம். நம்மளத ஆயிரம் பேரு எடுக்கவா போறான்?"

ஆயிரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு டவுன்லோடுக்கும் கட்டணம், அதுவும் களத்தைச் செய்தவன் தலையில். அந்த வரியை நான் படிக்காமல் இல்லை. படித்துவிட்டுத்தான் சம்மதம் என்று அழுத்தினேன். கொழுப்பு, வேறென்ன.

அத்தான் ஊருக்குப் போக அப்போது ஒரு மாதம் இருந்தது. மூன்று வருடம் கழித்துக் கிடைத்த லீவு. அன்றைக்கு அவர் ஊரிலிருந்து விமானம் ஏறும்போது அக்காவுக்கு வயிற்றில் ஏழு மாதம். பிறந்த மகளை அவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார். இப்போது அது பேசக் கற்றுக்கொண்டு, "எப்பப்பா வருவ?" என்று போனில் கேட்கும். மனுஷன் போனை என் கையில் கொடுத்துவிட்டு பாத்ரூம் பக்கம் போய்விடுவார்.

மாதத்தில் அதிகம் டவுன்லோட் ஆன களத்தை முதல் பக்கத்தில் போடுவார்கள். முதல் பக்கத்துக்கு வந்துவிட்டால் விளையாட்டுக் கம்பெனிக்காரனே வேலைக்குக் கூப்பிடுவான் என்று எவனோ எழுதியிருந்தான். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எங்கள் ரூம் ஆட்களுக்கு விளையாடத் தெரியாது. ஆனால் தாங்கள் படுக்கிற கட்டிலைத் திரையில் கண்டதும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம பய ஜெயிக்கணும்ல" என்று கிளம்பிவிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒரு டவுன்லோட் முழுதாக முடிய அரை மணி நேரம் ஆகும். நெட் கஃபேயில் உட்காருகிற நேரத்துக்குக் காசு. அதற்கு வழி சொன்னதும் நான்தான். "மிஸ்டு கால் மாதிரிதாண்ணே. அழுத்துங்க, ஓட ஆரம்பிச்சதும் கட் பண்ணிடுங்க. எண்ணிக்கை ஏறும், காசு ஏறாது."

வளைகுடாவில் இருந்தவனுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டாம். சாப்பிட்டேன் என்பதற்கு ஒரு ரிங், ரூமுக்கு வந்துவிட்டேன் என்பதற்கு இரண்டு ரிங் என்று அதிலேயே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். அந்தப்பக்கம் எடுப்பதற்குள் வெட்டிவிட்டால் காசு கிடையாது. இதுவும் அப்படித்தான், முழுதாக இறங்கினால்தான் கட்டணம் என்று சத்தியமாக நம்பினேன். வெள்ளிக்கிழமை கஃபேயின் பத்து மெஷினிலும் எங்கள் ஆட்கள். அழுத்து, கட் பண்ணு. அழுத்து, கட் பண்ணு. புஜைரா என்ற ஊரில் இருந்த சொந்தக்காரர்களுக்கும் சொன்னோம், அவர்களும் அங்கேயிருந்து அழுத்தினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான், மகளுக்கு ஒரு செயின் எடுக்க, முதல்முறையாகத் தேய்க்கலாம் என்று கார்டை எடுத்துக்கொண்டு பர் துபாய்க்கு பஸ் ஏறினார். நான் கஃபேயில் இருந்தேன். மதியம் போன் வந்தது.

"மாப்ள, கார்டு ஓடலயாம்ல. கடைக்காரன் பேங்குக்குப் போன் போட்டுக் கேட்டான். மொத்தமும் தீந்துபோச்சுங்கான். என்னல பண்ணி வச்சிருக்க?"

என் கணக்கைத் திறந்து பார்த்தேன். தொடங்கிய ஒவ்வொரு டவுன்லோடும் ஒரு கணக்கு, வெட்டினாலும் வெட்டாவிட்டாலும். அத்தானின் மூன்று மாதச் சம்பளம் அளவுக்குக் கட்டணம் எடுத்திருந்தார்கள். நான் பார்க்கப் பார்க்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது, கூடவே கடனும்.

"நிறுத்துங்கண்ணே! ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"பயப்படாதல, இன்னைக்கு நீதான் மொதல் இடம்!" என்று சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக அழுத்தினார்கள்.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். கடைக்கார மலையாளி என் சட்டையைப் பிடித்தார். எல்லா மெஷினும் அணைந்தது, என்னுடையதும்தான். களத்தை நீக்க வேண்டுமானால் நான் மறுபடி உள்ளே போக வேண்டும். மெஷின் உயிர்பெற்று, நெட் வந்து, பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்து, ஒருவழியாக நீக்குவதற்குள் புஜைராக்காரர்கள் எத்தனை முறை அழுத்தினார்களோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவர்கள் நல்ல மனசோடுதான் அழுத்தினார்கள், பாவிகள்.

சைட்காரனுக்கு என் அரைகுறை இங்கிலீஷில் நாலு கடிதம் எழுதினேன். நான் கூலிக்காரன், தெரியாமல் நடந்தது, கார்டு என்னுடையது அல்ல என்று காலில் விழாத குறையாக எழுதினேன். நிபந்தனைகளை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

பேங்கில் அதைவிட மோசம். அத்தான் லீவில் இருக்கும் இரண்டு மாதமும் மாதச் சம்பளம் வராது. தவணை தவறினால் அந்த வெற்று செக்கைப் போடுவோம், செக் திரும்பினால் போலீஸ் கேஸ், திரும்பி வரும்போது ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள் என்று அங்கே மேஜையில் இருந்தவன் சாவகாசமாகச் சொன்னான். ரூம் ஆட்கள் தங்களிடம் இருந்ததைத் திரட்டிக் கொடுத்தார்கள். போதவில்லை. கம்பெனி முன்கூட்டியே கொடுத்த லீவுச் சம்பளத்தையும் டிக்கெட் காசையும் அத்தான் கொண்டுபோய் பேங்கில் கட்டினார். லீவு போயிற்று. அடுத்த லீவு எப்போது என்று கம்பெனி சொல்லவில்லை.

வெளியே வந்ததும் வெயிலில் அப்படியே அவர் காலைப் பிடித்தேன். "எந்திரில. ஆளுக பாக்கானுவ" என்றார். அடித்திருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்தபின், "என் பிள்ள மூஞ்சியப் பாக்க விடாமப் பண்ணிட்டியேல" என்று ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு, "உங்க அக்காகிட்ட கம்பெனி லீவு தரலன்னு சொல்லிருக்கேன். நீ ஒண்ணும் உளறாத" என்றார்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"ஏலே தம்பி, லீவக் கெடுத்த அந்தப் பாவி யாருல? பச்சப் பிள்ள தெனமும் வாசலப் பாத்துக்கிட்டு நிக்கி. அதுகிட்ட நான் என்னத்தச் சொல்ல? நீயே சொல்லு, அப்பனையும் பிள்ளையையும் பிரிச்சு வச்சவன் உருப்படுவானா?"

அத்தான் பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"உருப்படமாட்டான்க்கா" என்றேன்.