சுல்தான் போட்ட கையெழுத்து

அழகுமீனாவுக்கு இருபத்து நான்கு வயது. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் நிறம் பார்க்கும் வேலை. மெஷினிலிருந்து வரும் தாளை மாதிரித் தாளோடு வைத்துப் பார்த்து, சிவப்பு ஏறிவிட்டது, மஞ்சள் போதாது என்பாள், தவறியதில்லை. எழுத்துதான் அவளுக்குப் பிடிபடாது. ஆர்டர் சீட்டு வந்தால், "கண்ணாடிய வீட்ல வச்சிட்டேன், வாசிங்க" என்பாள். மூன்று வருடமாக அந்தப் பொய் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு பிற்பகல்களில், தன்னைப் போலவே வாசிக்கத் திணறும் நான்கு பிள்ளைகளோடு செல்போனில் முகம் பார்த்துப் பேசுவாள். ஒரு தொண்டு அமைப்பு சேர்த்துவிட்ட குழு. பாடம் கிடையாது, பள்ளியில் எதைக் கேட்டு வாங்கலாம், கேலி செய்தால் என்ன சொல்லலாம், அவ்வளவுதான். அதில் ஒருத்தி விருதுநகர் மஹ்ரீன், பத்தாம் வகுப்பு. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கேட்டு விண்ணப்பிக்கும்படி அவளிடம் அழகுமீனா சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தகப்பன் கையெழுத்து வேண்டும்.

வியாழனன்று அந்தத் தகப்பன், சுல்தான், விண்ணப்பத்தோடு அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"நீதானா அது? எம் மகளுக்கு மூளைக்கோளாறுன்னு எழுதித் தரணுமாமே?"

"கோளாறுன்னு இல்ல பாய்..."

"பேசாத. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? உனக்கும் இதே வியாதிதானாம்ல. நீ பத்தாவது பாஸ் பண்ணல? அச்சாபீஸ்ல எழுத்துக்கு நடுவுல வேலை பாக்கல? எந்த சர்டிபிகேட்ட வச்சுப் பாஸ் பண்ணுன?"

ஃபோர்மேன் வெள்ளைத்துரையும் ஆட்களும் சுற்றி நின்றார்கள். பத்தாவது பாஸ் என்றுதான் அவர்களிடமும் சொல்லியிருந்தாள். ஆமாம், பாஸ்தான் என்றால் வேலை பிழைக்கும், ஆனால் மஹ்ரீனின் விண்ணப்பம் கிழியும்.

"நான் பாஸ் பண்ணல பாய். மூணு தடவ எழுதிட்டேன். எங்க அண்ணனும் உங்கள மாதிரிதான், அப்பாவக் கையெழுத்துப் போட விடல. இங்கன ஒரு சீட்டக்கூட நான் வாசிச்சதில்ல."

வெள்ளைத்துரை சிரித்தார். "ஏலே, அப்பக் கண்ணாடியே கெடையாதாக்கும்! மூணு வருசமா நம்மள வாத்தியாரா வச்சிருந்திருக்கா!"

அழகுமீனா சொன்னதைத் துணிச்சல் என்று சொல்லத் தோன்றவில்லை. சொன்ன மறுநொடியே ஏன் சொன்னோம் என்று அவள் முகம் சுருங்கிவிட்டது.

சுல்தான் அவளை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைத்துரையிடம் பேனா வாங்கி, மை டப்பா மேல் விண்ணப்பத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நீ சொன்னதுக்காக இல்ல. எம் பிள்ள உன்னய மாதிரி வந்து நிக்கக் கூடாதுல்ல, அதுக்கு. இனிமே அவ போன்ல உன் மொகம் தெரிஞ்சுது, சும்மா இருக்க மாட்டேன்."

மறுநாளே அழகுமீனாவைக் காலண்டர்களைக் கட்டுப் போடும் இடத்துக்கு மாற்றினார்கள். பிறகு நிறம் சரியில்லையென்று இரண்டு லோடு திரும்பி வந்தும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. விண்ணப்பம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஞாயிறன்று குழுவில் மூன்று முகங்கள்தான் வந்தன.