டெஸ்டர் கட்டிய முடிச்சு

என் தங்கையைக் கட்டிக்கொண்ட மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டெஸ்டர் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கடையைக் காட்டும். கார்களுக்கு வயரிங் பார்க்கிற கடை. அதை ஒட்டினாற்போல் என்னுடைய ரேடியேட்டர் கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஈயத்தை உருக்கி சால்டர் வைக்கிற என் கை ஆடும்.

வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கக் கையில் வைத்திருக்கிற டெஸ்டர் விளக்கினால் அந்தப் பெயர் வந்தது என்று நினைப்பவர்கள் தெருவுக்குப் புதியவர்கள். மனிதர் எதையும் நம்பமாட்டார். டீ டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். எவனாவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்பார். சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறான் என்பார். கடைச் சாவியைத் தினம் ஒரு இடத்தில் ஒளித்துவைப்பார், காலையில் அவரே தெருவெல்லாம் தேடுவார். ஒருமுறை பூட்டை உடைத்துக் கடையைத் திறந்த பிறகு, சாவி அவர் காலில் போட்டிருந்த செருப்பின் அடியிலேயே ஒட்டியிருந்தது. திருடன் கையில் நிச்சயம் கிடைத்திருக்காது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வேலையிலும் இதே கதைதான். வண்டி வந்து நின்றதும் என்ன கோளாறு என்று கேட்கமாட்டார், இதில் கடைசியாக யார் கை வைத்தது என்றுதான் கேட்பார். தான் போடுகிற ஒவ்வொரு ஜாயின்டிலும் டேப் சுற்றுவதற்கு முன்னால் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவார். யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த முடிச்சை அதேபோல் திரும்பக் கட்ட இன்னொரு மனிதன் பிறந்துதான் வரவேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. வண்டியைச் சோதித்துப் பார்க்கும்போது டிரைவர் சீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் உட்காரக்கூடாது. வண்டிக்காரன் எதையாவது ரகசியமாகத் தட்டிவிட்டு இவர் வேலையைக் கெடுத்துவிடுவானாம். ஆள் குள்ளம். சீட்டை இழுத்து இழுத்து, ஸ்டியரிங் வயிற்றில் முட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்தால்தான் கால் பெடலுக்கு எட்டும். நான் தகரத்துக்கு மேலே தலையை நீட்டி அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிப்பேன். என் உயரத்துக்கு அது சிரமமில்லை.

இப்படிப்பட்டவர், ஒரே மகளுக்குக் கல்யாணம் ஆனதும், தன் பழைய காரை அவளிடமும் அவள் புருஷனிடமும் கொடுத்தார். நான் வாயைப் பிளந்தேன். யாரையும் தொடவிடாத வண்டி அது. மருமகன் அதை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்தினான். நெடுநெடுவென்று வளர்ந்த பையன். பேச்சு கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவான பேச்சுதான் டெஸ்டரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவன் கைக்குப் போன சில நாளிலேயே வண்டி சூடாக ஆரம்பித்தது. நேரான சாலையில் போனால் தொந்தரவில்லை, காற்றே குளிர வைத்துவிடும். நெரிசலில் நின்றால் சூட்டைக் காட்டுகிற முள் மேலே ஏறும், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும், ஏறியவர் திட்டிக்கொண்டே இறங்கி வேறு வண்டி பிடிப்பார். ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை என்றான் மருமகன். டெஸ்டர் சாவியை வாங்கினார், சீட்டில் ஏறினார், எஞ்ஜினைச் சூடாக்கினார். முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் குர்ரென்று சுற்றியது. இவர் திரும்பி அவனைப் பார்த்த பார்வை எனக்குத் தகரத்துக்கு இந்தப் பக்கமே சுட்டது.

அடுத்த வாரமும் அதே கதை. ரிலேவை மாற்றினார், சூட்டைப் பார்த்து ஃபேனைப் போட்டுவிடுகிற சுவிட்சை மாற்றினார், எர்த் வயரின் முனையைச் சுரண்டிப் புதிதாக முறுக்கினார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பானெட்டுக்குள் ஒவ்வொரு ஜாயின்டாகப் பார்த்தார். கடையில் ஃபேன் ஓடும். அவரே ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தாலும் ஓடும். அவன் கையில் போனால் ஓடாது. கடைசியில் ஒருநாள் தடுப்பைத் தட்டி, உங்க ரேடியேட்டர்ல ஏதாவது இருக்கும் மச்சான் என்றார்.

அந்த வார்த்தைதான் எனக்கு ஆகாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன், ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவியையும் பிறந்த குழந்தையையும் கூட்டிவர இதே காரைத்தான் இரவல் வாங்கிப் போனேன். அதற்கு முன்னும் அவ்வப்போது வாங்குவதுண்டு. அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுப்பார். அன்று திரும்பி வரும் வழியில் பாலத்தின் மேல் நெரிசலில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பச்சைக் குழந்தையோடு அவள் உச்சி வெயிலில், லாரிப் புகையில், பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் ஆள் அனுப்பி டெஸ்டரை வரவழைத்தேன். அவர் வந்து உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். ஃபேன் ஓடியது. ஃபேன்ல ஒண்ணும் இல்ல மச்சான், நீங்க போட்ட சால்டர்தான் கசியுதுன்னு நினைக்கிறேன் என்றார். ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. இருந்தாலும் அத்தனை மூட்டுகளையும் திரும்ப ஊதிப் பற்றவைத்தேன். அந்தக் குழந்தை இப்போது காலேஜ் போகிறான். என் மனைவி மட்டும் குழம்பில் உப்பு குறைந்தது என்று நான் வாய் திறந்தால் போதும், உங்க சால்டர் லட்சணம் தெரியாதா என்பாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ரேடியேட்டரையும் இரண்டுதரம் முக்குகிறேன். என் கையை எனக்கே நம்பத் தெரியாமல் போய்விட்டது.

ஆகவே இந்தத் தடவையும் கழற்றினேன், முக்கினேன். சுத்தமாக இருந்தது. மாட்டிக் கொடுத்தேன்.

வண்டியிலும் குறையில்லை, ரேடியேட்டரிலும் குறையில்லை என்றால் மிச்சம் யார்? டெஸ்டர் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். மருமகன் பொய் சொல்கிறான். எங்கேயோ போகிறான், யாரையோ பார்க்கிறான், நேரம் கழித்து வந்து ஃபேன் ஓடவில்லை என்று காதில் பூ சுற்றுகிறான். இந்தச் சந்தேகம் இருக்கிறதே, அது ஒட்டுவாரொட்டி. ஒருநாள் மருமகனின் வண்டி ஒரு சந்து முனையில் சும்மா நிற்பதையும், அவன் அதில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பதையும் நானே பார்த்தேன். சூடு தணியக் காத்திருந்தானோ என்னவோ. ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் மூக்கு அரித்தது, பொய் சொல்வானேன்.

இதெல்லாம் டெஸ்டர் மனசுக்குள் இருந்தவரை பரவாயில்லை. மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவளிடமே போட்டு உடைத்துவிட்டார்.

"வண்டி எங்கேயும் நிக்கலம்மா. அவன்தான் எங்கேயோ நிக்கிறான்."

பெற்ற அப்பன் வாயால் கேட்ட பிறகு எந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கும்? அவள் புருஷனின் சட்டையை மோந்து பார்க்கத் தொடங்கினாள், போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். அவன் ஒரு நாள் பார்த்தான், இரண்டு நாள் பார்த்தான், அப்புறம் பேசுவதையே நிறுத்திவிட்டான். ஒரு காலையில் அவள் துணிப்பையோடு வந்து அப்பாவின் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் அங்கே போகப்போவதில்லை என்றாள். என் தங்கை வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள் என்று அந்தப் பக்கம் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு டெஸ்டர் கடைக்கு ஓடினேன்.

நான் போன சமயம் மருமகனும் வண்டியோடு வந்துவிட்டான். வண்டியிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. டெஸ்டர் வழக்கம்போல் சாவிக்குக் கையை நீட்டினார். மகள் எழுந்து குறுக்கே வந்தாள். இத்தனை நாள் அப்பா உட்கார்ந்து பார்த்தது போதும், இன்றைக்கு அவர் உட்காரட்டும், நான் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். பொய் என்றால் இங்கேயே முடிந்துவிடட்டும் என்றும் சொன்னாள். டெஸ்டருக்குத் தன் சட்டத்தை மீறுவது பிடிக்கவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

மருமகன் உட்கார்ந்தான். எஞ்ஜின் ஓடியது, முள் ஏறியது, பாதியைத் தாண்டியது. ஃபேன் அசையவில்லை. கையை மேலே தூக்கு என்றார் டெஸ்டர். அவன் இரண்டு கையையும் தூக்கினான், போலீஸ் பிடித்த மாதிரி. அப்போதும் அசையவில்லை. இறங்கு என்று அவனை இறக்கிவிட்டு இவர் ஏறினார், சீட்டை இழுத்தார். குர்ரென்று ஓடியது.

"பார்த்தியா?" என்றார் மகளிடம், ஜெயித்தவர் குரலில்.

அவள் ஃபேனைப் பார்க்கவில்லை. அப்பாவின் முழங்காலையும் ஸ்டியரிங்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை இறங்கச் சொன்னாள். குனிந்து, காலியாக இருந்த சீட்டைக் கையால் பின்னால் தள்ளினாள். ஃபேன் நின்றது. முன்னால் இழுத்தாள், ஓடியது. மறுபடி தள்ளினாள், நின்றது.

நான் டார்ச்சை எடுத்து சீட்டுக்கு அடியில் அடித்தேன். டெஸ்டர் தரையோடு தரையாகப் படுத்துக் கையை விட்டார். சீட்டு ஓடுகிற தண்டவாளத்தின் கடைசியில், கார்ப்பெட்டுக்கு அடியில், கார்க் கதவில் விளக்குக்காக வைப்பார்களே, அந்தச் சின்ன அமுக்குச் சுவிட்ச் ஒன்று இருந்தது. சீட்டு பின்னால் வந்து அதை அமுக்கினால் ஃபேனுக்குப் போகும் கரண்ட் அறுந்துவிடும். அதிலிருந்து போன வயரில் பழைய டேப் இறுகிப் போயிருந்தது. அவர் பிளேடால் கீறினார். உள்ளே சிவப்பு நூல் முடிச்சு.

அவர் முகமும் என் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. அந்த முடிச்சு யாருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், வெளியே நிற்கிற இரண்டு பேர் கண்ணுக்கும் அது எட்டாது. ஒரு இழுப்பு இழுத்தால் நூல் அவர் கைக்குள் போய்விடும். எவனோ பண்ணின கிறுக்குத்தனம் என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்ளலாம். என்னைப் பார்த்து வாயே திறக்காமல் கெஞ்சினார். நான் டார்ச்சை நகர்த்தவில்லை.

எழுந்தார். கையைப் பேன்ட்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தாம்மா வெச்சேன். மறந்தே போயிட்டேன்."

யாருக்காக வைத்தீர்கள் என்று மகள் கேட்டாள். வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் எடுத்தவன் என்ன ஏது என்று தேடுவான், நடு வழியில் கொதித்து நின்றால்தான் மறுபடி வண்டி கேட்கமாட்டான் என்று ஏதோ முணுமுணுத்தார். தன்னைவிட உயரமானவன் யார் ஓட்டினாலும் நிற்கும்படி வைத்திருந்தாராம். எந்த உயரமானவன் என்று அவள் விடாமல் கேட்டாள். டெஸ்டர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அந்தப் பாலமும் வெயிலும் குழந்தையின் சிவந்த முகமும் ஒன்றாக வந்து நின்றன. அன்றைக்கு இந்த மனிதர் சீட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாம் தெரிந்தே, என் சால்டர் கசிகிறது என்று சொல்லியிருக்கிறார்! கையிலிருந்த டார்ச்சால் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். தங்கைக்குப் புருஷனாகப் போய்விட்டார், என்ன செய்வது.

"ஒரு குமிழிகூட வரல மாப்ளே. அன்னிக்கே வரல."

என்று மட்டும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையிலேயே மறந்தாரா, மறந்த மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். சாவியையே மறக்கிறவர் இதையும் மறந்திருக்கலாம்.

மருமகன் அப்போதும் நிறையப் பேசவில்லை. நான் சொன்னேனே என்றான் மனைவியிடம். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கையை விடவும் இல்லை.

டெஸ்டர் சுவிட்சைப் பிடுங்கிப் போட்டார். வயரை நேராகச் சேர்த்து முறுக்கினார். பழக்கதோஷம், கை தானாகச் சிவப்பு நூலுக்குப் போய், அதை விட்டுவிட்டு டேப்பை எடுத்தது.

"டேப் சுத்தாதீங்கப்பா. நான் முதல்ல பார்க்கணும்."

அவர் கை அப்படியே நின்றது. இத்தனை வருஷமாக ஊரையே சோதித்த மனிதரை யாரும் ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை. மகள் மண்டிபோட்டு அந்த வெறும் ஜாயின்டை இழுத்துப் பார்த்தாள். புருஷனை உட்காரச் சொல்லி, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளச் சொன்னாள். முள் ஏறியது, ஃபேன் ஓடியது. அது நின்று, மறுபடி சூடேறி ஓடும்வரை காத்திருந்தாள். பெஞ்சிலிருந்த துணிப்பையை எடுத்துப் பின்சீட்டில் வைத்தாள். கிளம்பப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் கதவை மூடாமல் திரும்பி வந்து, பானெட்டை மறுபடி தூக்கி உள்ளே குனிந்தாள்.

"நல்லா பாரும்மா" என்றார் டெஸ்டர், யாருக்கும் கேட்காத குரலில்.

அவளும் நன்றாகத்தான் பார்த்தாள்.