நான் சந்தேகப்படாத ஒன்று

அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை. மாத்திரை வேண்டாம், பீட்ரூட் போதும் என்றது யூடியூப். மாத்திரை போட்டால் பிள்ளை கறுத்துவிடும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நான் ஒருவரையும் நம்பவில்லை. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்த கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"டேட் முடிஞ்ச மாத்திரையத்தான தோட்டத்து ஆளுங்களுக்குத் தள்ளுறீங்க?"

அவர் கோபப்படவில்லை. "எப்படிப் போடுறீங்க, காட்டுங்க" என்றார்.

தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்பு. வழக்கம்போல மாத்திரையை வாயில் போட்டு, சுடச்சுடத் தேத்தண்ணி குடித்தேன்.

"ஐயோ, தெனமும் இப்படியா? தேத்தண்ணி இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாதுங்க! வெறுந்தண்ணியில போடுங்க."

எல்லாரையும் சந்தேகப்பட்டவள்தான். என் கையால் பறித்த தேயிலையை மட்டும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.