ஒப்புட்டுப் பக்கம்

4.3.2024 – பதிவுத் தபால், ரூ. 26
2.4.2024 – பதிவுத் தபால், ரூ. 26
29.4.2024 – விரைவுத் தபால், ரூ. 18

மூன்று கடிதமும் ஒப்புட்டுக்காக, பூரணம் வைத்துத் தட்டும் போளிக்காக. பெரியநாயக்கன்பாளையத்து மில்லில் முப்பத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற கோவிந்தராஜுலுவுக்கு இப்படியும் ஒரு வேலை வந்து சேர்ந்தது.

அவருடைய சமூகச் சங்கம் பொங்கல் மலர் போட்டது. அதற்கு அவர் மனைவி பங்காரம்மா ஒப்புட்டு சுடும் முறையை எழுதிக் கொடுத்தார். 'ஆந்திராவிலிருந்து நம் முன்னோர் கொண்டுவந்த பலகாரம்' என்று மலர்க்குழு தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுநாள், பங்காரம்மா பச்சைப்புளி ரசம் கொடுத்தனுப்பிய போசி, கழுவித் துடைத்து வெறுமனே திரும்பி வந்தது.

ஐம்பது வருஷமாக அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் போசி வெறுமனே போனதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பங்காரம்மா அந்தப் போசியை அலமாரியில் எடுத்து வைக்கவே இல்லை.

கோவிந்தராஜுலு டைரியைப் புரட்டினார். '13.1.1975, போகி. பழனாத்தாள் அக்கா பங்காரத்துக்கு ஒப்புட்டு தட்டச் சொல்லிக் கொடுத்தார். இருபத்தெட்டில் ஒன்பது கிழிந்தது.' நகலெடுத்து, அந்த வரியைத் திருத்தச் சொல்லிச் சங்கத்துக்கு அனுப்பினார். செயலாளர் திருமலைசாமி போனில் வந்தார்.

"ஏனுங் மாமா, நம்முது இல்லேன்னு நாமளே எழுதிக் குடுத்தா மைசூர்க்காரங்க அவங்களுதுன்னு சொல்லாம சும்மா இருப்பாங்களா?"

"தேதி இருக்குதப்பா. பாரு."

"தேதிய வெச்சு ஒப்புட்டு சுட முடியுங்களா?"

மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: சர்ச்சைக்குரியதாகிவிட்டதால், மறுபதிப்பில் ஒப்புட்டுப் பக்கமே நீக்கப்படுகிறது. இனி இதுபற்றிக் கடிதப் போக்குவரத்து இல்லை.

அதை எடுத்துக்கொண்டு பழனாத்தாள் வீட்டுக்குப் போய், டைரியையும் சேர்த்துப் படித்துக் காட்டினார்.

"ஆந்திராவோ மைசூரோ, எனக்கென்னுங் தம்பி? நான் கண்ணாலமாகி வந்தப்ப எனக்குச் சொல்லிக் குடுத்ததே உங்கம்மாதான். அவங்க போனப்பறம் பங்காருக்கு நான் சொல்லிக் குடுத்தேன்."

டைரி தொடங்குவது 1968இல். அக்கா கல்யாணமாகி வந்தது அதற்கும் முந்தி; கோவிந்தராஜுலு டைரியை மூடினார். "அப்பறம் எதுக்குங்க்கா இத்தன கோபம்?"

"கிழிஞ்ச ஒம்பதையும் தின்னவ நானு. அந்த மலர்ல எம்பேரு ஒரு எடத்துல இருந்துச்சா?" கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இப்ப பங்காரு பேரையுமா எடுத்துப் போடறாங்க? அவிக யாரு எடுக்கறதுக்கு? அந்தப் போசியக் கொண்டாங்க."

சாயங்காலம் போசி கனத்து வந்தது, ஆறு ஒப்புட்டோடு. பங்காரம்மா சூடு ஆறுமுன் ஒன்றைப் பிட்டார்.

கோவிந்தராஜுலு டைரியில் எழுதினார்: 'பழனாத்தாள் அக்காவுக்குக் கற்றுக் கொடுத்தது என் தாயார். வருஷம் தெரியவில்லை.' அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை எழுத அவருக்கு லேசில் கை வரவில்லை. தெரிந்த தேதி ஒன்றுதான், அதைக் கீழே குறித்தார்: 'சங்கத்தின் கடைசிக் கடிதம் வந்தது: 17.5.2024.'