கைதட்டைத் தொடங்கிவைப்பவர்

டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை. ஐந்து பேர் ஆடும் அந்த நவீன நடனக் குழுவின் சொத்து அவ்வளவுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஃபியூஸ் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் அங்கேயே ஒட்டிக்கொண்டு லைட்காரர் ஆகிவிட்டார். ஆடுகிறவர்களில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டதும் அங்கேதான்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: கைதட்டைத் தொடங்கிவைப்பது. அந்த ஆட்டங்கள் எங்கே முடிகின்றன என்று ஆடுகிறவர்களுக்கே சில நாள் சந்தேகம்; பார்க்க வந்தவர்கள் பாவம், என்ன செய்வார்கள்? ஐந்து பேரும் அசையாமல் நின்றால் முடிந்தது என்று கணக்கு. பின்வரிசையில் விளக்கு சுவிட்சுகளோடு உட்கார்ந்திருக்கும் இவர் ஒரு தட்டுத் தட்டுவார். அரங்கமே மந்தையாகப் பின்னால் வரும்.

மனைவி ஒன்பது வருடமாகக் கும்பலில் ஒருத்தி. புது ஆட்டத்தில்தான் கடைசி நான்கு நிமிடம் அவளுக்கென்று தனியாக வாய்த்தது. எல்லோரும் கல்லாய் நிற்க வேண்டும். பிறகு அவள் மட்டும் கிளம்பி ஆட வேண்டும். சமையலறையிலும் அதே ஒத்திகை. இரண்டு தட்டு உடைந்தது.

முதல் காட்சியில் எல்லோரும் கல்லாய் நின்றார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். இவர் தட்டிவிட்டார். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. ஆடியவர்கள் வேறு வழியின்றிக் குனிந்து வணங்கினார்கள். குனிந்த மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை.

குழுவை நடத்தும் மேடத்துக்கு வாயெல்லாம் பல். "யாரும் இப்படி எழுந்து நின்னு தட்டினதே இல்லப்பா. இனிமே அங்கேயே முடிச்சிடலாம். நாளைக்கும் அதே இடத்துல தட்டு."

வீட்டில் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் தனியா ஆடறது பிடிக்கலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"கை தானா தட்டிடுச்சும்மா."

"கையா? சரி."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் அந்த இடம் வந்தது. மேடம் மேடை ஓரத்திலிருந்து கண்ணைக் காட்டினார், இருமினார், காற்றில் தட்டியும் காட்டினார். இவர் கூரையைப் பார்த்தபடி இடது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கி உட்கார்ந்துகொண்டார். ஒரு கை தட்டினால் ஓசை வருமா என்ன? வலது கையால் மனைவி நின்ற இடத்துக்கு மட்டும் விளக்கை ஏற்றினார்.

அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. பிறகு ஆடினாள். நான்கு நிமிடம் முடிந்தது, ஐந்து முடிந்தது, அவள் ஆடிக்கொண்டே இருந்தாள். ஏழாவது நிமிடம் முன்வரிசையில் யாரோ தாங்களாகவே தட்ட, அரங்கம் அதிர்ந்தது. திட்ட வாயெடுத்த மேடம் மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் நொண்டினாள்.

"நீங்க தட்டுவீங்க, நிறுத்தலாம்னு பார்த்துக்கிட்டே ஆடறேன், காலே விட்டுப்போச்சு. ஏங்க தட்டலை?"

"மறந்துட்டேன்," என்றார் அவர். "பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்."