காயாத பலகை

அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை உருவி, கன்னத்தோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள் அக்கா. மரவாடியில் ரம்பம் ஓட்டுகிறவர்கள் இதற்காகவே காத்திருப்பார்கள். "என்னக்கா, மாமா என்ன சொல்றாரு?" என்பான் ஒருவன், பலகையை அவள் புருஷனாக்கி. "உன்னப் பத்தித்தான் கேக்குறாரு. வேலை செய்யிறானா, வாய் பாக்குறானான்னு" என்று கண்ணைத் திறக்காமலே பதில் வரும். கன்னத்தில் ஜில்லென்று பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பலகை மறுபடி அடுக்குக்கே போகும்.

அறுத்து வரும் பலகைகளைக் காயப்போட்டு அடுக்குவது அவள் வேலை. அதனால் பெயரே அடுக்கு அக்கா. ஒரு வரிசை பலகை, அதன்மேல் குறுக்கே குச்சிகள், மறுபடி பலகை. இடையில் காற்று புகுந்து புறப்பட வேண்டும். குச்சிகள் ஒன்றுக்கு நேராக ஒன்று நிற்காவிட்டால் பலகை வளைந்துவிடும். புதிதாக வந்தவர்கள் கோணலாக வைத்தால் அவள் திட்டுவதில்லை. மொத்தத்தையும் பிரித்து, அவர்கள் கண்ணெதிரிலேயே தானே மறுபடி அடுக்குவாள். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றிவிடும்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் நிலையைத் தட்டுவாள், பிறகு உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பாள், அப்புறம்தான் ஆட்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், அழுத பெண்ணைக் கட்டிக்கொண்டே, "ஜன்னல்ல கரையான் ஏறுது, பாரும்மா" என்று காதில் சொன்னவள். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்ததாகக் கேள்வி.

காயாத மரம் மரவாடி வாசலைத் தாண்டாது. வீடு கட்டுகிறவர்கள் அவசரப்படுத்தினால் முதலாளியே கையை விரித்துவிடுவார்: "எங்கிட்ட கேட்டு என்ன புண்ணியம்? அக்காகிட்ட கேளுங்க."

ஒரே ஒரு தடவை தாண்டியது. அவள் தங்கை அப்போது நிறைமாதம். ஒழுகுகிற வாடகை அறையில் பச்சைக் குழந்தையோடு எப்படி இருப்பாள்? தன் அறைக்கு மேலேயே பலகையால் ஒரு மச்சு போட்டு, தங்கையையும் அவள் கணவரையும் கூட்டிவந்துவிடத் துடித்தாள். கன்னத்தில் ஜில்லென்றுதான் பட்டது. படாததுபோல் பலகைகளை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

வெயில் வந்தது. மச்சின் தரைப் பலகைகள் சுருங்கி, இடையிடையே விரல் நுழையும் இடுக்குகள் விழுந்தன. மேலே சிந்திய பால் கீழே அவள் உச்சந்தலையில் சொட்டும். "உசுரோட இருக்கும்போதே எனக்குப் பால் ஊத்துறா பாரு உன் மக!" என்று கீழிருந்து கத்துவாள். மேலே தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள்.

குழந்தை தவழ ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. இடுக்கில் விரல் மாட்டி வீங்கிய அன்றே தங்கையின் கணவர் வேறு வீடு பார்த்துவிட்டார். அக்கா மேலே வந்தபோது தங்கை துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் காஞ்ச மரம் குடுக்குற. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் ஈர மரமாக்கா?"

"வேற பலகை அடுக்கி வச்சிருக்கேன்டி. மாத்திடலாம்."

"அப்ப இன்னிக்கே போடு. நாங்க போகல."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தை இங்கேயே இருக்கும். "இன்னும் காயலடி" என்றாள் அக்கா.

"அது காயுற வரைக்கும் எம் பொண்ணு எங்க தவழுவா? உன் தலையிலயா?"

அக்கா கீழே இறங்கிப் போனாள். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம் கேட்டது. பிறகு தன் அறைக் கதவை முதுகில் சாய்த்துச் சுமந்துகொண்டு, மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். அந்த வீட்டில் நன்றாகக் காய்ந்த மரம் அது ஒன்றுதான். இடுக்குகளை மறைத்து அதைத் தரையில் படுக்கவைத்தாள்.

"என்னக்கா இது! கதவில்லாம எப்படித் தூங்குவ?"

"கண்ண மூடிக்கிட்டுத்தான்."

தங்கை மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இரு, இரு, இறக்காத" என்றாள் அக்கா. குழந்தையின் முழங்காலில் இடிக்கும் என்று தாழ்ப்பாளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் மண்டியிட்டு, சிராய் ஏதாவது இருக்கிறதா என்று கதவு முழுவதையும் உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே போனாள்.