இருட்டில் கேட்ட கடைசிப் பேச்சு

ஒட்டிலி கிரோபர் மேடை விளக்குக்காரி. அது அவள் கணவன் எமில் பார்த்த வேலை. போர்முனையில் அவன் இறந்த செய்தி வந்த வாரமே ட்ரெஸ்டன் நகர நாடகக் கொட்டகையில் அவன் இடத்தில் போய் நின்றாள். பெண்ணுக்கு இது எதற்கு என்றவர்களிடம், "ஆம்பளை யாராவது மிச்சம் இருந்தா கூட்டிட்டு வாங்க, எறங்கிடுறேன்" என்றாள். யாரும் வரவில்லை.

1917 குளிர்காலம். ஹால்ம் என்ற இளம் இயக்குநர் ஒரு நாடகம் கொண்டுவந்தார். பாத்திரங்களுக்குப் பெயரே கிடையாது. தாய், தந்தை, அதிகாரி, அவ்வளவுதான். வரைந்த காடும் மாளிகையும் வேண்டாம், கறுப்புத் துணி போதும், பேசுகிறவர் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழட்டும் என்றார்.

"செட்டுக்குக் காசில்லன்னு நேரா சொல்லுங்களேன்."

"காசும் இல்லக்கா. இருந்தாலும் வேண்டாம்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்தது.

தணிக்கை குறுக்கே வந்தது. அழைப்பு உள்ளவர்களுக்கு ஒரே ஒரு பகல் காட்சி. அதிலும் கடைசிப் பேச்சு கூடாது. மகனைப் பறிகொடுத்த தாயின் பேச்சு அது. ஒத்திகையில் அதைக் கேட்டபோதுதான் ஒட்டிலி எமிலுக்காக முதல்முறை அழுதாள். சபை அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். தாயாக நடித்த வால்பர்காவும் ஒரு சொல்லைக்கூட விடுவதாயில்லை.

காட்சிக்கு முன் காவல் அதிகாரி ப்யூசிங் அவளுடைய விளக்கு விசைகளின் அருகே வந்தார்.

"அந்தப் பொம்பளை வெட்டின பேச்ச எடுத்தா நான் கையக் காட்டுவேன். உடனே அணைச்சிடணும். இல்லன்னா வேலை போயிடும்."

"சரிங்கய்யா."

வால்பர்கா அந்தப் பேச்சைத் தொடங்கினாள். சபையின் பக்கவாட்டு மாட இருக்கையில் ப்யூசிங்கின் கை உயர்ந்தது. ஒட்டிலி நெம்புகோலை இறக்கினாள்.

வெளிச்சம் போனால் நாடகம் நின்றுவிடும் என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் அந்தக் கூட்டம் தொடக்கத்திலிருந்தே இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. குரல் இப்போது எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. "எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசகிட்ட ஒரு நாற்காலி காலியா கெடக்கு. அவன அனுப்புனவங்கள்ல யாரு வந்து உக்காரப் போறீங்க?"

"வெளக்கு! வெளக்கப் போடு!" ப்யூசிங் எழுந்து கத்தினார்.

ஒட்டிலி போட்டாள். பக்கத்திலிருந்த பெரிய விளக்குக்குள் கார்பன் குச்சிகள் சீறின. விளக்கை அவர் முகத்துக்கே திருப்பினாள்.

ஓங்கிய கையும் சிவந்த முகமுமாக அவர் நின்றார். நாடகத்து அதிகாரிதான் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்திருக்கிறார் என்று சபை நம்பியது. முன்வரிசையில் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்திய ஒருத்தி எழுந்தாள்.

"கேக்குறாங்கல்ல? பதில் சொல்லுங்கய்யா!"

அவர் கண் கூசி, கதவைத் தடவித் தேடி வெளியேறினார். வெளிச்சம் வாசல்வரை கூடவே போனது. கைதட்டல் அதிர்ந்தது.

"என்னம்மா, திமிரா?" என்று ப்யூசிங் பிறகு வந்து கேட்டார்.

"அணைக்கச் சொன்னீங்க, அணைச்சேன். போடச் சொன்னீங்க, போட்டேன். எங்கன்னு சொல்லலையே."

அன்று மாலையே வேலை போயிற்று. ஹால்ம் தயங்கித் தயங்கி வருத்தம் சொல்ல வந்தார்.

"பேச்சு முழுசாக் கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சுக்கா."

"அப்புறம் என்ன? தள்ளுங்க, கோட்ட எடுக்கணும்."

பிறகு பல ஆண்டுகள் டிராம் பணிமனையில் மின்னாக்கிகளைப் பார்த்துக்கொண்டாள், வயதாகிக் கை ஓயும்வரை. போன மாதம், படுக்கையில், விளக்கை அணைக்க வந்த மகளிடம், "தொடாத, அது என் வேலை" என்றாள். அதுவே கடைசியாகப் பேசியது. மகள் இன்னும் தொடவில்லை. பகலிலும் எரிகிறது.